பச்சைக்குள் இருந்த பேட்டர்ன்கள்

ஜூன் 3, திங்கள்

காலை பதினொரு மணிக்கு முதலாளி என்னை அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். வேலையில் சேர்ந்த நான்கு மாதத்தில் இது இரண்டாவது முறை. முதல் முறை ஏசி ரிமோட் காணாமல் போனபோது.

மேஜைமேல் பிரித்த கூரியர் உறை ஒன்று கிடந்தது. "படிச்ச புள்ளையல்லொ, இதுல என்ன எழுதியிருக்கான்னு பாத்துச் சொல்லு அம்மிணி" என்றார். கட்டிங் மாஸ்டர் அப்பாஸ் அண்ணன் சுவரோரம் கை கட்டி நின்றிருந்தார்.

நான்கு பக்க வக்கீல் நோட்டீஸ். சத்தமாகப் படிக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, சாரத்தைச் சொன்னால் போதும் என்றார்.

எங்கள் பனியன் கம்பெனியில் உடுப்புகளின் பேட்டர்ன்களை, அதாவது துணி வெட்டுவதற்கான அளவு வரைபடங்களை, வரைய ஒரு மென்பொருள் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயர் நீளமானது, யாரும் சொல்வதில்லை. திரையில் அதன் சின்னம் பச்சையாக இருப்பதால் எல்லோருக்கும் அது பச்சை. பேட்டர்ன் வரையும் கேட் (CAD) அறையில் மூன்று கணினிகள். மூன்றிலும் பச்சை. ஆனால் பணம் கொடுத்து வாங்கியது ஒன்றுதான். அந்தக் கணினியில் பென் டிரைவ் போன்ற ஒரு சாவி செருகியிருக்கிறது. மற்ற இரண்டும் கிராக் காப்பி, பூட்டை உடைத்த திருட்டு நகல். பச்சையை விற்கும் நிறுவனத்துக்கு இது தெரிந்துவிட்டது. முப்பது நாளுக்குள் மூன்றுக்கும் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். இல்லையென்றால் வழக்கு. ஒரே ஒரு பச்சையை வைத்துக்கொண்டு காலம் தள்ளவும் முடியாது. பழைய வகைச் சாவி ஜூன் மாதத்தோடு செல்லாது, எல்லாம் சந்தாதான் என்று கடைசிப் பத்தியில் இருந்தது.

"கட்டாட்டி?" என்றார் முதலாளி.

"பச்சை திறக்காதுங்க. பச்சை திறக்கலைன்னா பேட்டர்னும் திறக்காதுங்க. வேற எதுலயும் அந்த ஃபைல் ஓடாது."

"என்ற பேட்டர்னு. என்ற மாஸ்டர் வரைஞ்சது. என்ற கம்பியூட்டர்ல இருக்குது. அதைத் திறக்கறதுக்கு நான் வருசா வருசம் அவன்கிட்டப் போயி நிக்கோணுமா?"

பதினோரு வருடப் பேட்டர்ன்கள். நான் எண்ணி வைத்திருக்கிறேன். 1,412. இதில் டென்மார்க் ராம்பர் ஆர்டரும் அடக்கம். இரண்டு வருடத்துக்கு முன் செய்த அதே குழந்தை உடுப்பு திரும்ப வந்திருக்கிறது. ஜூலை 5 மொத்த வெட்டு.

பேட்டர்ன் போனால் ஆர்டர் போகும், பிறகு கேட் அறை எதற்கு, வெளியே கொடுத்து வரைந்துகொள்ளலாம் என்று முதலாளி சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் கேட் அறையில் இப்போது நான் ஒருத்திதான்.

"இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அப்பாஸ் அண்ணன் கேட்டார். முதலாளியும் அதையே கேட்டார். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஜூன் 4, செவ்வாய்

துவரம் பருப்பு அரைக் கிலோ, துணி சோப்பு, அம்மாவின் கண்ணாடிக்குத் திருகு.

ஜூன் 6, வியாழன்

கத்தரி என்று ஒரு மென்பொருள் இருப்பதை இணையத்தில் கண்டுபிடித்தேன். கோவையில் கட்டற்ற மென்பொருள் குழு ஒன்று எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறது. பேட்டர்ன் வரையலாம், பிளாட்டர் என்ற பெரிய அச்சு இயந்திரத்தில் முழு அளவில் அச்சிடலாம். பச்சையின் மிகப் பழைய பதிப்புக் கோப்புகளைத் திறக்கும். எங்களுடையதைத் திறக்காது. திறந்து பார்த்தேன், திரை முழுக்க முள்வேலி மாதிரி கோடுகள்.

குழுவுக்கு நான்கு வரி எழுதினேன். ஜோயல் என்பவர் நாற்பது வரி பதில் அனுப்பினார். அவர் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். முதல் முப்பத்தைந்து வரி சுதந்திரம் பற்றி. கடைசி ஐந்து வரியில், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வாருங்கள் என்றிருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

கோவைக்குப் போய் வந்தேன். "ஏளு ஆம்பளைக கூடற எடத்துல உனக்கென்ன வேலை?" என்று அம்மா கேட்டார். ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள் என்று போன பிறகுதான் தெரிந்தது. அதைச் சொன்னதும் சமாதானமாகி, என்ன சாப்பிடக் கொடுத்தார்கள் என்று கேட்டார். டீயும் முறுக்கும்.

நூலகத்துக்கு மேலே ஒரு சின்ன அறை. "ஓப்பன் சோர்ஸ்" என்று சொல்லலாமா, "கட்டற்ற" என்றுதான் சொல்ல வேண்டுமா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். இவர்களுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஜோயல் சார் என் பக்கம் திரும்பினார். "உங்க முதலாளி முதல்லயே கட்டற்ற மென்பொருளுக்கு வந்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்லை. பூட்டு போட்ட வீட்டுக்குள்ள சரக்கை வச்சுட்டு இப்ப அழுதா?"

"அழலீங்க சார். திட்டறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒரு கோப்பை எண்களாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று அரை மணி நேரம் பொறுமையாகக் காட்டினார். கல்லூரியில் மூன்று வருடம் படித்ததில் இதை யாரும் காட்டவில்லை. கத்தரி இயங்குவதற்காக வரிவரியாக எழுதிய மூலநிரலையும் கொடுத்தார். "இதுல நீங்க என்ன மாத்தினாலும் அது எல்லாருக்கும் சொந்தம், ஞாபகம் வச்சுக்கோங்க" என்றார். தலையாட்டினேன்.

ஜூன் 12, புதன்

சாப்பாட்டு இடைவேளையில் ஒன்றாம் கணினியில், சாவி செருகிய பச்சையில், பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்து சேமித்தேன். பிறகு பதினொரு சென்டிமீட்டர். இரண்டு கோப்பையும் எண்களாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எட்டு இடத்தில்தான் வேறுபட்டன. சதுரத்தின் நான்கு மூலைகள், மூலைக்கு இரண்டு எண்.

பிறகு வட்டம். பிறகு கைக்குழி வளைவு. தயிர்சாதம் அப்படியே இருந்தது.

ஜூன் 15, சனி

கண்டுபிடித்ததை வைத்துக் கத்தரியோடு கொஞ்சம் நிரல் எழுதிச் சேர்த்தேன். கத்தரி எங்கள் கோப்பைத் திறந்துவிட்டது. ராம்பரின் முன்பாகம், பின்பாகம், கை, எல்லாம் ஒழுங்காக வந்தன. பிளாட்டரில் அச்சிட்டு அப்பாஸ் அண்ணனிடம் கொடுத்தேன். ஒரு மாதிரி வெட்டித் தைத்து, துவைத்து, காயவைத்து அளந்தார். நீளத்தில் மூன்று சென்டிமீட்டர் குறைவு.

"தாரணி, உன்ற பொம்மைக்குப் போடலாம்" என்றார்.

பின்னல் துணி துவைத்தால் சுருங்கும். அதற்காகப் பேட்டர்னை அந்தச் சதவீதத்துக்குப் பெரிதாக்கி வெட்ட வேண்டும். பச்சையில் அதற்கு ஒரு பெட்டி உண்டு, எண்ணைப் போட்டால் அச்சிடும்போது அதுவே பெரிதாக்கும். அந்த எண்ணை என் நிரல் படிக்கவில்லை. திங்கட்கிழமை படிக்க வைத்துவிடுவேன்.

ஜூன் 18, செவ்வாய்

படிக்க வைத்துவிட்டேன். பெட்டி காலியாக இருந்த கோப்புகளுக்கு, அந்தத் துணிக்கு வழக்கமாகப் போடும் சதவீதத்தை நானே கொடுத்தேன். ராம்பர் சரியாக வந்தது. ஐந்து வேறு பேட்டர்னும் அச்சிட்டேன். மூன்று சரி. இரண்டு மிகப் பெரிசு.

அப்பாஸ் அண்ணன் அதில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இது கொளந்தைக்கா, கொளந்தையோட தாய்மாமனுக்கா?" என்றார். தையல் லைன் முழுக்கச் சிரித்தது. என் காது சூடாகிவிட்டது.

அப்புறம் அவரே பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல், "அந்த ரெண்டும் சுதாகர் வரைஞ்சது. அவன் பொட்டியில நம்பர் போடமாட்டான். கோடாவே பெருசா இளுத்து வரைஞ்சிருவான்" என்றார்.

சுதாகர் எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர். ஏற்கெனவே பெரிதாக்கி வரைந்ததை நான் மறுபடியும் பெரிதாக்கியிருக்கிறேன். 1,412 கோப்பில் எது அவர் கோட்டிலேயே இழுத்தது, எது வெறுமனே பெட்டியைக் காலியாக விட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோப்பில் பெயர் இல்லை.

ஜூன் 19, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் பதினாறு எண்கள் இருக்கின்றன. சில கோப்புகளில் அவை எப்போதும் ஒன்றேதான். அது சாவியின் எண், பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்தேன். மற்ற கோப்புகளில் பதினாறும் பூஜ்யம். அவை இரண்டாம், மூன்றாம் கணினிகளில் கிராக் காப்பியில் சேமித்தவை.

கிராக் காப்பியில் சுருக்கப் பெட்டியில் எண்ணைப் போட்டால் பச்சை நின்றுவிடும். அதனால்தான் சுதாகர் கோட்டிலேயே இழுத்தார். ஆக, பூஜ்யம் இருந்தால் பெரிதாக்காதே, சாவி எண் இருந்தால் பெரிதாக்கு. நிரலில் இரண்டே வரி. இருபது கோப்புகளை எடுத்துச் சரிபார்த்தேன். இருபதும் சரி.

இதை இவ்வளவு விரைவில் நான் ஊகித்ததற்குக் காரணம் உண்டு. கிராக் காப்பியில் பெட்டி நின்றுபோகும் என்பது எனக்கு முன்பே தெரியும். மார்ச் மாதம் எனக்கு நடந்தது. அப்போது நான் இரண்டாம் கணினியில் உட்கார்ந்திருந்தேன். யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருந்தது. திரையின் ஓரத்தில் "உதவி தேவையா?" என்று ஒரு முகவரி இருந்தது. அதற்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, நின்றுபோன கோப்பையும் இணைத்து அனுப்பினேன். கீழே கம்பெனி பெயர், விலாசம், தொலைபேசி எண். பதில் வரவில்லை. ஒன்றாம் கணினிக்கு மாறிக்கொண்டேன்.

அந்தக் கோப்பின் தொடக்கத்தில் பதினாறு பூஜ்யங்கள் இருந்திருக்கும்.

ஜூன் 20, வியாழன்

இன்று சொல்லவில்லை.

ஜூன் 21, வெள்ளி

இன்றும் இல்லை. முதலாளி திருப்பூரில் இல்லை, அது ஒரு காரணம். அம்மாவுக்கு அவர் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஓவர்டைம். தைத்த உடுப்பில் பிசிர் நூல் வெட்டி வெட்டி விரல் வீங்கியிருக்கிறது. நான்தான் சப்பாத்தி போட்டேன்.

ஜூன் 22, சனி

1,412 கோப்பும் கத்தரிக்கு மாறிவிட்டன. பத்துக்கு ஒன்று அச்சிட்டு அளந்தோம். அப்பாஸ் அண்ணன் குறை கண்டுபிடிக்கவே வந்தவர் போல டேப்பை வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்றார். மாலையில், "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. ராம்பர் மாதிரியும் தைத்தாயிற்று.

முதலாளி கேட் அறைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம பனியன் முதலாளிக சங்கத்துல இன்னும் பன்னெண்டு கம்பெனிக்கு இதே நோட்டீஸ் வந்திருக்குது. எங்கிட்ட ஒரு மருந்து இருக்குதுன்னு டீக்கடையில சொல்லிட்டு வந்துட்டேன். வர்ற சனிக்கெளமை சங்கத்துல வச்சுக் காட்டறதுன்னு வாக்குக் குடுத்தாச்சு. நீ என்ன பண்றே, இதை ஒரு சிடியில போட்டு, நம்ம கம்பெனி பேரைப் போட்டு, ஒரு பூட்டும் போட்டுரு. வருசம் ஒருக்கா எங்கிட்ட வந்து தொறந்துக்கட்டும்."

நான் அவரைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன் அதே வாயால்தான் "வருசா வருசம் அவன்கிட்டப் போயி நிக்கோணுமா?" என்று கேட்டிருந்தார்.

"உன்னையும் கேட் இன்சார்ஜ் ஆக்கிருவேன்" என்றார் போகும்போது.

ஜூன் 23, ஞாயிறு

வேலை முடிந்தது என்று ஜோயல் சாருக்குத் தெரிவித்தேன், நன்றி சொல்வதற்காக. முதலாளி சொன்னதையும் சொன்னேன். தப்புதான். உடனே தொலைபேசியில் வந்தார்.

"பூட்டா? கத்தரியிலயா? தாரணி, நீங்க மாத்தின ஒவ்வொரு வரியையும் ஒரு வாரத்துக்குள்ள பொதுவுல வைக்கணும். அது உங்க கடமை. வைக்கலைன்னா குழு சார்பா உங்க கம்பெனிக்கு நோட்டீஸ் போகும்."

ஒரு மாதத்தில் இரண்டு நோட்டீஸ். ஒன்று பூட்டை உடைத்ததற்கு, இன்னொன்று பூட்டு போட்டதற்கு.

இவரும் சொல்கிறார், அவரும் சொல்கிறார். கத்தரியோடு கூடவே அதன் உரிமம் ஒரு கோப்பாக வருகிறது. அதை இருவரில் யாராவது முழுக்கப் படித்திருப்பார்களா என்று தோன்றியது. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தேன். பக்கங்களைச் சமையலறைத் தரையில் பரப்பி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, மதியம் மூன்று மணி வரை படித்தேன். நீளமான ஆங்கில வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் பிடிபடும். கல்லூரியில் முதல் வருடம் பாடப் புத்தகத்தையே அப்படித்தான் படித்தேன், அதனால் பழக்கம்தான்.

"பரீட்சையா?" என்று அம்மா கேட்டார்.

"இல்லைம்மா. ரெண்டு பெரிய மனுசங்க படிக்காம விட்டதை நான் படிக்கறேன்."

எனக்குப் புரிந்தது இது. எங்கள் கம்பெனிக்குள்ளேயே வைத்துப் பயன்படுத்தினால் ஒரு வரியைக்கூட யாருக்கும் கொடுக்க வேண்டாம். வெளியே இன்னொருவருக்குக் கொடுத்தால், மூலநிரலோடு, அதே உரிமத்தோடு கொடுக்க வேண்டும். விலை வைக்கலாம். பூட்டு கூடாது. வாங்கியவர் அதை மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம்.

ஐந்து மணிக்கு ஜோயல் சாரை நானே அழைத்தேன். நானாக ஓர் ஆணுக்குத் தொலைபேசி செய்வது இதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

"சார், உள்ளயே வச்சுக்கிட்டா வெளியிட வேண்டியதில்லைன்னு உங்க உரிமத்துலயே இருக்குதுங்க. இரண்டாவது பிரிவு."

"தெரியும்மா" என்றார். "நீங்க படிப்பீங்கன்னு நான் எதிர்பார்க்கலை."

"பூட்டு போட மாட்டோமுங்க. அது என் பொறுப்பு. நோட்டீஸ் மட்டும் வேண்டாங்க."

சரி என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எண்களைப் பிரித்துப் பார்க்கக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

என் பொறுப்பு என்று எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

இதை வரிசையாக எழுதிவைக்க வேண்டும்.

காலை பத்தே காலுக்கு முதலாளி அறைக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை. அப்பாஸ் அண்ணன் துணி கணக்கு பேசிக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று நினைத்தேன். போகவில்லை.

"ரெண்டு விசயம் சொல்லோணுமுங்க" என்றேன்.

"சொல்லு."

"பச்சைக்காரங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டீங்கல்லங்க. என்னாலதானுங்க." மார்ச் மாதக் கடிதத்தைச் சொன்னேன். பூஜ்யங்களைச் சொன்னேன்.

அப்பாஸ் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "திருட்டு வண்டிய ஓட்டிட்டுப் போயி போலீஸ் ஸ்டேசன்ல காத்தடிச்சுக் குடுங்கன்னு கேட்டிருக்குது முதலாளி, இந்தப் புள்ளை."

முதலாளி சிரிக்கவில்லை. "மூணு வாரமாத் தெரிஞ்சே வாயை மூடிட்டு இருந்தியா?"

"அஞ்சு நாளாத்தானுங்க தெரியும். முன்னாடி சந்தேகந்தான். ஆனா அது கிராக் காப்பின்னு எனக்கு யாருமே சொல்லலீங்க. சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அந்த இடைவெளியில் இரண்டாவதையும் சொல்லிவிட்டேன். விட்டால் நானும் நிறுத்தியிருப்பேன்.

"ரெண்டாவது, பூட்டு போட முடியாதுங்க. கத்தரியை எழுதினவங்க அந்த நிபந்தனையோடதான் குடுத்திருக்காங்க. நாம மட்டும் வச்சுக்கலாம். வெளிய குடுத்தா நிரலோட, தொறந்தாப்லயேதான் குடுக்கோணும்."

"நான் சம்பளம் குடுத்து நீ எளுதினது. எனக்குப் பூட்டுப் போட உரிமையில்லையா?"

"நான் எழுதினது கொஞ்சமுங்க. அடியில இருக்கறது அவங்களோடது. அவங்க செவுத்து மேலதான் நம்ம கூரை நிக்குது."

"போட்டாத்தான் என்ன பண்ணிருவாங்க?"

"இப்ப பச்சைக்காரங்க நமக்கு என்ன பண்றாங்களோ அதைங்க."

முதலாளி எழுந்து வெளியே போனார். துணி குடோன் பக்கம் போனதாக அப்பாஸ் அண்ணன் சொன்னார். "நாளைக்கு நான் வரோணுமாண்ணே?" என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? வரவேண்டாம்னு சொன்னாரா? சொல்லலையில்ல? வா."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை எங்கள் வீட்டில் இதுதான் முதல். திட்டுவார் என்று நினைத்தேன். "சொல்லிட்டியா? சரி, கையைக் களுவிட்டு வா" என்று தட்டை வைத்தார்.

ஜூன் 25, செவ்வாய்

போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை செய்தேன்.

ஜூன் 27, வியாழன்

பச்சை நிறுவனத்தின் பிரதிநிதி வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நல்ல மனிதர்தான், டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். இரண்டாம், மூன்றாம் கணினிகளில் பச்சையை அவர் கண்முன்னால் நீக்கினேன். பழைய தப்புக்கு முதலாளி அவரோடு பேசி முடித்துக்கொண்டார். நானும் அப்பாஸ் அண்ணனும் அப்போது வெளியே இருந்தோம்.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். முதலாளி டீக்கடையில் சொன்ன மருந்து பிரதிநிதியின் காதுக்கும் எட்டியிருந்தது.

"சார், உங்க ஆபரேட்டர் எங்க ஃபைல் ஃபார்மேட்டைப் பிரிச்சுப் பார்த்திருக்காங்க. அது எங்க கம்பெனி ரகசியம். ஒப்பந்தத்துல தடை இருக்கு" என்றார் பிரதிநிதி. என்னிடம் பேசாமல், என்னைப் பற்றி முதலாளியிடம் பேசினார்.

முதலாளி என்னைப் பார்த்தார். "என்ன சொல்றே?"

இதையும் படித்து வைத்திருந்தேன். "ஒன்னாம் கம்பியூட்டர்ல, சாவி போட்டு, நாம காசு குடுத்து வாங்கின பச்சையிலதானுங்க பார்த்தேன். முறையா வாங்கினவங்க, இன்னொரு மென்பொருளோட ஒத்துப்போக வைக்கறதுக்கு, வேற வழியில கிடைக்காத விவரத்தைப் பிரிச்சுப் பார்க்கலாம்னு பதிப்புரிமைச் சட்டத்துல ஐம்பத்திரண்டாம் பிரிவுல இருக்குதுங்க. சார் அந்த விவரத்தைத் தர்றதுன்னா தரட்டும். நான் பிரிச்சுப் பார்க்க வேண்டியதே இல்லை."

பிரதிநிதி முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். வக்கீலிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர் போன பிறகு முதலாளி ரொம்ப நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சங்கத்துல வாக்குக் குடுத்துட்டேன். காட்டித்தான் ஆகோணும். பூட்டில்லாமயே குடு. நீயே வந்து சொல்லு, எனக்கு இது வாயில நொளையாது."

ஜூன் 29, சனி

சங்கக் கட்டடத்தில் முப்பது பேர். கத்தரியைக் கொடுத்தேன், மூலநிரலையும் உரிமத்தையும் சேர்த்து. ஏழு நிமிடம் பேசினேன். மைக் வேண்டாம் என்றதால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை, மறுபடி ஏழு நிமிடம் பேசினேன். ஒரு முதலாளி எழுந்து, "எல்லாம் சும்மா குடுக்கறீங்க, இதுல உங்களுக்கு என்னய்யா லாபம்?" என்று எங்கள் முதலாளியைக் கேட்டார். முதலாளி என்னைக் காட்டினார். நான் உரிமத்தைக் காட்டினேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

வண்டியில் திரும்பும்போது முதலாளி, "அவன் கேட்டதுல தப்பில்லையே" என்று ஒரு முறை சொன்னார்.

ஜூலை 2, செவ்வாய்

மழை. மின்சாரம் இல்லை. நாள் முழுக்க அலமாரி துடைத்தேன்.

ஜூலை 4, வியாழன்

காலை எட்டரைக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அவிநாசியில் ஒரு கம்பெனியின் கேட் ஆபரேட்டர் மோகனப்பிரியா. சங்கத்தில் நான் பேசியபோது பின்வரிசையில் இருந்தாராம். "தாரணி மேடம்" என்று தொடங்கியிருந்தது. யாரைச் சொல்கிறார் என்று ஒரு நொடி தேடினேன்.

துணியின் நீளவாக்கைக் காட்ட ஒவ்வொரு பாகத்திலும் ஓர் அம்புக்குறி இருக்கும். திரையில் திருப்பி வைத்துச் சேமித்த பாகங்களுக்கு அந்த அம்பின் கோணத்தைப் பச்சை தனியாக ஓர் இடத்தில் எழுதுகிறதாம். என் நிரல் அதைப் படிக்காமல் எல்லா அம்பையும் நேராக நிறுத்திவிடுகிறது. எந்த இடம், எந்த வரி, எப்படித் திருத்த வேண்டும் என்று எழுதி, திருத்திய நிரலையும் அனுப்பியிருந்தார். மொத்தம் ஒன்பது வரி.

டென்மார்க் ராம்பரைத் திறந்து பார்த்தேன். கழுத்துப் பட்டியின் அம்பு தவறாக இருந்தது.

கழுத்துப் பட்டி ரிப் துணி, வரிவரியாகப் பின்னியது. குறுக்காக வெட்டினால்தான் இழுபடும். நேராக வெட்டினால் இழுபடாது, குழந்தையின் தலை நுழையாது. மாதிரியில் ஏன் தெரியவில்லை? அப்பாஸ் அண்ணன் கையால் வெட்டினார். அவர் அம்பைப் பார்ப்பதே இல்லை. ரிப்பைத் தொட்டதும் கை தானாகக் குறுக்கே போகும். ஆனால் நாளை மொத்த வெட்டு வெளியே, ஆட்டோ கட்டரில். அந்த இயந்திரத்துக்கு அம்பு மட்டும்தான் தெரியும்.

மோகனப்பிரியாவின் ஒன்பது வரியைச் சேர்த்து எல்லாக் கோப்பையும் மறுபடி மாற்றினேன். அறுபத்தோரு கோப்பில் அம்பு திரும்பியது. பாகங்களைத் துணியில் அடுக்கிக் காட்டும் புதிய ராம்பர் மார்க்கரை ஒன்பதரைக்குக் கட்டிங் யூனிட்டுக்கு அனுப்பி, பழையதை அழிக்கச் சொல்லி, அழித்ததை உறுதி செய்துகொண்டேன். அதன் பிறகுதான் முதலாளியிடம் போனேன்.

அவருக்கு விளங்க வைக்கப் பத்து நிமிடம் ஆனது. அப்பாஸ் அண்ணனுக்கு ஒரு நொடி. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எத்தனை பீஸு? முப்பதாயிரம் கொளந்தைக தலை நொளையாம…"

"அவிநாசியில யாரோ ஒரு புள்ளை, நம்ம ஆர்டரைக் காப்பாத்தியிருக்குதா?" என்றார் முதலாளி.

"அவங்க ஃபைல்ல தப்பு வந்துச்சுங்க. உள்ள தொறந்து பார்க்க முடிஞ்சதால, பார்த்து, திருத்தினாங்க."

"பூட்டு போட்டுக் குடுத்திருந்தா?"

அவர் கேட்டது என்னை அல்ல.

பிறகு, "சரி, இந்தத் திருத்தத்தை மத்தப் பதினோரு கம்பெனிக்கும் அனுப்பிரு. கோயமுத்தூர்காரங்களுக்கும்" என்றார். குரலைப் பார்த்தால் பெரிய வரம் தருகிறவர் போல இருந்தது.

"ஒம்பது நாற்பதுக்கே அனுப்பிட்டேனுங்க."

"எங்கிட்டக் கேக்கமாட்டியா?"

"கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்கல்லங்க?"

"சொல்லியிருப்பேன்."

"அதானுங்க" என்றேன்.

அப்பாஸ் அண்ணன் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கேட் அறைக்குத் திரும்பி வந்து வேலையைப் பார்த்தேன். நாளை காலை ஆறு மணிக்கு வெட்டு. நானும் போகிறேன்.